ஊவா என்ற பெயரும் ஊவாவின் மைதானமும்



யாருடைய நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் பேரில் நாம் இன்று மடுல்சீமையில் கூடியிருக்கிறோமோ அந்த அதிபர், பாடசாலை விட்ட பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் பந்தடித்துக்கொண்டிருந்தால் ஜன்னலோரம் நின்று பார்த்துச் சந்தோஷப்படுவார். அவர் காலத்தில் உடற்கல்வி ஆசிரியனாகச் சேர்ந்தவன் நான். அதனால் இன்று விளையாட்டைப் பற்றியே பேசுகிறேன். ஒரே ஒரு கேள்விதான். பதுளை மாதிரி ஒரு நடுத்தர ஊர், நாட்டின் முதல்தர லீக்கில் ஆடும் ஓர் அணியைத் தன் சொந்த அணியாக வைத்துத் தாங்குமா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவன் பத்து வயதுச் சிறுவன். 2012 ஓகஸ்ட் மாதத்தில் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்று ஒரு ட்வென்டி20 கிரிக்கெட் போட்டி நடந்தது. மாகாணத்துக்கு ஒன்று என்பது போல ஏழு அணிகள். நம் ஊவா மாகாணத்துக்கும் ஒன்று கிடைத்தது. ஊவா நெக்ஸ்ட் என்று பெயர். ஓகஸ்ட் 31ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் இறுதிப் போட்டி. எங்கள் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் தொலைக்காட்சி இருந்தது. கடைக்குள் இருபது பேர், வாசலில் இன்னும் முப்பது பேர். கொழும்பில் மழை வந்து ஆட்டத்தைக் குழப்பியது. கடைசியில் டக்வர்த் லூயிஸ் கணக்கில் நாகெனஹிர நாகாஸ் அணியை ஊவா வென்றது. கடை வாசலில் பட்டாசு வெடித்தார்கள். கிண்ணத்தைத் தூக்கிய நேரத்தில் பக்கத்தில் நின்ற பையன் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "சேர், நம்ம டீமு எப்ப நம்ம ஊருக்கு வரும்?"

வரவே இல்லை. அந்தத் தொடரின் போட்டிகள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. ஊவா மாகாணத்தில் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. அணியை வாங்கியது இந்திய நிறுவனம். அந்தப் பதினொருவரில் யார் எந்த ஊர் என்று கடையில் நின்ற எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்டோபரில் அந்த அணி சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குத் தென்னாபிரிக்கா வரை போய், யோர்க்‌ஷயரிடம் தோற்றுத் திரும்பியது. ஜொஹனஸ்பேர்க் பார்த்த ஊவா அணியைப் பதுளை பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அணி உரிமையாளர்கள் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாததால் லீக்கே கைவிடப்பட்டது. சம்பியன் பட்டத்தோடு நமது அணி காணாமல் போயிற்று. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து பெயர்கள் இருந்தன. ஊவா இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லி முடித்துவிட்டுப் போகப் போவதில்லை. அந்தப் பையன் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷமாக யோசித்து வைத்திருப்பதை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், பதுளையால் முடியாது என்று சொல்கிறவர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். ஊர் சிறியது என்பார்கள். மாநகர எல்லைக்குள் நாற்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில்தான் சனத்தொகை. தூரம் என்பார்கள். கொழும்பிலிருந்து புறப்படும் மலையக ரயில் பாதை முடிகிற இடமே பதுளைதான். 1924இல் ரயில் வந்த ஊருக்கு இன்றும் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்துதான் வர வேண்டியிருக்கிறது. பணம் இல்லை என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் உண்மையாக இருந்த ஒரு காலத்தில், ஊவாவுக்கு நாட்டின் முதல்தரப் போட்டியில் ஓர் அணி இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் காலத்தில் ஊவா ஜிம்கானா கிளப்புக்கு றக்பி அணி இருந்தது. டிம்புளை, டிக்கோயா, கண்டி, கொழும்பு அணிகளோடு கிளிஃபர்ட் கிண்ணத்துக்கு ஆடிய அணி அது. அன்றைக்குப் பதுளை இன்றைய பதுளையைவிடச் சிறியது. பாதை இன்றைய பாதையைவிட மோசம். அணியில் ஆடத் தகுதியுள்ளவர்கள் என்று அவர்கள் கருதிய ஆட்கள், மாவட்டம் முழுக்கத் தேடினாலும் சில நூறு பேர் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் அணி இருந்தது. ஏன்? சனிக்கிழமை பிற்பகல் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. வாகனம் இருந்தது. மலைநாட்டில் கிடைத்த சமதரை அவர்கள் கையில் இருந்தது. அந்தச் சமதரையை வெட்டிச் சமப்படுத்தியவர்கள், உருளை இழுத்தவர்கள், கோடு போட்டவர்கள் யார் என்று இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சனத்தொகையும் தூரமும் தடை என்று எவராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. நேரமும் தரையும் யாரிடம் இருக்கிறது என்பதே கணக்கு.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். மடுல்சீமையில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். கீழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் சமமான இடம் எத்தனை இருக்கும்? ஃபக்டரி முற்றம் ஒன்று. கொழுந்து மடுவத்துக்கு முன்னால் கொஞ்சம். கோயில் வாசல். துரை பங்களாவின் புல்வெளி. அப்புறம் பெரட்டுக்களம். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அந்தக் களம்தான் சாயங்காலம் எங்கள் மைதானம். காலையில் கங்காணி நின்று சத்தம் போட்ட இடத்தில் பின்னேரம் நாங்கள் நின்று சத்தம் போட்டோம். மிச்சமெல்லாம் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை.

உதைபந்தாட்டத்துக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் நீளம் வேண்டும். ஹொக்கிக்கு 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் வேண்டும். எந்தப் பெரட்டுக்களம் அவ்வளவு நீளம்? கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் போதும். கரப்பந்தாட்டம் 1991இல்தான் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. எங்கள் தோட்டங்களில் அதற்கு வெகு முன்பே அது வேரூன்றியதற்குக் காரணம் மலையின் உடம்பு. எங்களுக்குக் கிடைத்த தரைக்குள் அடங்குகிற விளையாட்டு அது. இரண்டு மரக்கம்பு, ஒரு பழைய வலை, தரையில் சுண்ணாம்புக் கோடு. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் தோட்டத்தின் இரு பிரிவுகளான மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் போட்டி. வலைக்கு மேலே பந்து பறந்து பள்ளத்துப் பக்கம் போய்விட்டால் நூறு அடி கீழே தேயிலைக்குள் உருண்டுவிடும். அதற்காகவே சரிவில் நாலு பிள்ளைகளை நிறுத்தி வைப்போம். பந்து ஒன்றுதான். அது மேலே வந்து சேரும் வரை ஆட்டம் நிற்கும். சிவனொளிபாதமலைக்கு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி எல்லாரும் பொறுமையாகக் கீழே பார்த்துக்கொண்டு நிற்போம்.

மேற்கணக்கு அணியில் பந்தை வலைக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுக்கிற ஒரு அண்ணன் இருந்தார். அவர் கொடுக்கிற பந்து காற்றில் ஒரு கணம் தொங்கும். அடிக்கிறவன் எழும்பி வரும் வரை காத்திருக்கும். இந்திய வம்சாவளியினர் தொடர்பாக 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் போய், கூடலூர்ப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வீடு, வேலை, பிள்ளைகளின் சுகம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: இந்தத் தீபாவளிக்கு மேற்கணக்கு ஜெயித்ததா?

ஒரு கழகத்தை ஓர் ஊர் தாங்குமா என்று ஆராய்கிறவர்கள் சனத்தொகை, சராசரி வருமானம், போட்டி நிறுவனங்கள் எத்தனை என்றெல்லாம் அட்டவணை போடுவார்கள். கடல் கடந்த பிறகும் மேற்கணக்கு ஜெயித்ததா என்று கேட்ட அந்த மனிதரை எந்த நிரலில் எழுதுவார்கள்? எனக்கு அந்த வரிதான் முதல் ஆதாரம். பற்று நம்மிடம் இருக்கிறது, வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் பற்று மட்டும் இருந்தால் அணி பிழைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.

கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வினிப்பெக் நகரத்து ஹொக்கி அணியைப் பற்றி அடிக்கடி எழுதுவான். அங்கே ஹொக்கி என்றால் பனித்தரை ஹொக்கி. அந்த நாட்டு அளவுக்கு வினிப்பெக் நடுத்தர நகரம். அதன் அணியான ஜெட்ஸ் 1996இல் கட்டுப்படியாகாமல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துக்குப் போய்விட்டது. பதினைந்து வருஷம் அந்த ஊர் அணியில்லாமல் இருந்தது. 2011இல் அட்லாண்டாவிலிருந்து வேறோர் அணி அங்கே வந்தபோது, 13,000 பருவச் சீட்டுகள் பறந்தன. ஊரே அழுதது, சிரித்தது என்று எழுதினான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அந்த 13,000, பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பற்று குறையவில்லை, சீட்டு விலைக்கும் சம்பளத்துக்கும் உள்ள தூரம் கூடிவிட்டது. கியூபெக் நகரத்தின் கதை இன்னும் வலிக்கும். அவர்களின் நோர்டிக்ஸ் அணி 1995இல் டென்வருக்கு விற்கப்பட்டது. அடுத்த வருஷமே அங்கே ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அணி திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கியூபெக் 2015இல் பொதுப்பணத்தில் பதினெட்டாயிரம் ஆசனங்களோடு பெரிய அரங்கைக் கட்டி வைத்திருக்கிறது. அணி இன்னும் வரவில்லை.

அரங்கைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது நமக்கும் புதிதில்லை. 2011 உலகக் கிண்ணத்துக்காக ஹம்பாந்தோட்டை சூரியவெவவில் முப்பத்தையாயிரம் பேர் அமரும் மைதானம் கட்டினார்கள். வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் அங்கே காற்றுதான் ஆடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். 2020இல் புலம்பெயர்ந்த தமிழர்கள் சேர்ந்து வாங்கிய யாழ்ப்பாண அணி முதல் வருஷமே லங்கா பிரீமியர் லீக்கை வென்றது. அடுத்த வருஷம் கை மாறியது. 2021, 2022, 2024 என்று மொத்தம் நான்கு தடவை யாழ்ப்பாணத்தின் பெயரில் பட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. 2025 செப்டெம்பரில்தான் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மைதானம் இருக்கிறது, அணி இல்லை. இன்னோரிடத்தில் அணியின் பெயர் இருக்கிறது, மைதானம் இல்லை. நமக்கு 2012இல் கிடைத்தது இரண்டாவது வகை.

நடுத்தர ஊர் ஒன்று உண்மையாகவே தாங்கிய உதாரணம் இல்லையா? பக்கத்திலேயே இருக்கிறது. கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப். 1874இல் தொடங்கிய கழகம். றக்பி லீக்கில் கொழும்புக் கழகங்களின் காலடியில் பல காலம் கிடந்தது. 1992இல் முதல் தடவை லீக் பட்டத்தை வென்ற பிறகு, இருபது தடவைக்கு மேல் வென்றுவிட்டது. கண்டியும் நடுத்தர ஊர்தான். அங்கே மட்டும் எப்படி? நான் நித்தவெல மைதானத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். ஜனங்கள் நடந்து வருகிறார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிறவர், கடையைப் பூட்டிவிட்டு வருகிறவர், பாடசாலைச் சீருடையோடு வருகிற பையன்கள். களத்தில் ஆடுகிறவனைப் பார்த்து, "இவன் எங்கள் ஸ்கூல்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், தர்மராஜ, புனித அந்தோனியார் என்று அந்த ஊர்ப் பாடசாலைகள் றக்பியை வளர்த்தன. அந்த மண்ணில் வளர்ந்த கழகம் என்பதால் ஊர் அதை விடவில்லை. முத்தையா முரளிதரனையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன். 800 டெஸ்ட் விக்கெட். அவருக்குக் கிடைத்தது கட்டுகஸ்தோட்டையில் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம். அந்த மணிக்கட்டோடு பிறந்த ஒரு பிள்ளை நம் லயத்தில் பிறந்திருந்தால், எந்த விக்கெட்டுக்குப் பந்து போட்டிருப்பான்? இந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் தூங்க விட்டதில்லை.

இன்னும் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒடிசா மாநிலத்தின் ரூர்கேலா. இரும்பு ஆலை நகரம். சுற்றியுள்ள சுந்தர்கர் மாவட்டம் ஆதிவாசிகள் வாழும் இடம். அங்கே கிராமத்துக் கிராமம் ஹொக்கிப் போட்டி நடக்கும். வென்ற அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கிடா. அந்த மண்ணிலிருந்து வந்த திலீப் திர்க்கி இந்தியாவுக்காக 400க்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். 2023 உலகக் கிண்ணத்துக்காக ரூர்கேலாவில் இருபதாயிரம் பேர் அமரும் பிர்சா முண்டா மைதானம் எழுந்தது. ஹொக்கிக்கென்றே கட்டிய மைதானங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. நிரம்பி வழிந்தது. பெருநகரமல்லாத ஓர் ஊரில் இருபதாயிரம் பேர் ஹொக்கி பார்க்க எங்கிருந்து வந்தார்கள்? ஆட்டுக்கிடாவுக்காக ஆடியவர்கள் வந்தார்கள். ஆட்டத்தின் நுணுக்கம் அவர்கள் கைக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் அப்படித்தான். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன ஊர் தலைமுறைகளாக ஹொக்கி ஆடுகிறது. 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பிள்ளை. வேடிக்கையான துயரம் என்னவென்றால், ஹொக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கிய 2024-25 பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணி வந்தது. ஆனால் லீக் ஆட்டங்களை ரூர்கேலாவில் ஆடியது. அந்தப் பருவத்தில் கோவில்பட்டிக்காரர் தன் அணியைப் பார்க்க ஒடிசாவுக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. நமது 2012 கதைதான், வேறு பெயரில்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பெரிய லீக் அணி ஒன்றை ஏலத்தில் வாங்கி நடத்த ஊவாவால் முடியாது. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வகை அணிக்குத் தொலைக்காட்சிப் பணம் வேண்டும், விளம்பரக்காரர் வேண்டும், நட்டத்தைத் தாங்குகிற உரிமையாளர் வேண்டும். உரிமையாளருக்குச் சலிப்பு வந்த அன்றே அணி போய்விடும். போனதைப் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் வேறு வகைக் கணக்கு ஒன்று உண்டு. கையில் பேனா உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இவை என் உத்தேசத் தொகைகள். பத்து அணிகள் ஆடும் உதைபந்தாட்ட லீக் ஒன்று என்று வைப்போம். ஒவ்வோர் அணியும் சொந்த ஊரில் ஒன்பது போட்டி, வெளியூரில் ஒன்பது போட்டி. இருபத்தைந்து வீரர்களுக்கு மாதம் அறுபதாயிரம் ரூபா வீதம் ஆறு மாதச் சம்பளம் 90 இலட்சம். ஒன்பது வெளியூர்ப் பயணத்துக்குத் தலா ஒன்றரை இலட்சம் வீதம் பதின்மூன்றரை இலட்சம். பயிற்றுநர், மைதானம், மருத்துவம், நடுவர் செலவுக்குப் பதினாறரை இலட்சம். மொத்தம் ஒரு கோடி இருபது இலட்சம். வரவு? பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கு ஒரு போட்டிக்கு நாலாயிரம் பேர் 200 ரூபா சீட்டில் வந்தால், ஒன்பது போட்டிக்கு 72 இலட்சம். ஐயாயிரம் அங்கத்தவர்கள் வருஷத்துக்கு 500 ரூபா கட்டினால் 25 இலட்சம். ஆக 97 இலட்சம். 23 இலட்சம் துண்டு விழுகிறது. பதுளை நகரத்து வர்த்தகர்களும், ஊவாத் தேயிலையின் பெயரை உலகமெல்லாம் விற்கிற கம்பனிகளும் சேர்ந்து நிரப்பக்கூடிய துண்டு அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கு மேல் சனம். நாலாயிரம் என்பது இருநூறு பேரில் ஒருவர்.

ஐயாயிரம் பேர் சொந்தக்காரர்களாக இருக்கிற கழகம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அமெரிக்காவின் கிரீன் பே ஓர் உதாரணம். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் ஊர். 1919இல் இறைச்சி பொதி செய்யும் கம்பனி ஒன்று, தன்னிடம் வேலை செய்த இளைஞனுக்குச் சட்டை வாங்கப் பணம் கொடுத்து ஆரம்பித்த அமெரிக்கக் கால்பந்து அணி; அதனால்தான் பேக்கர்ஸ் என்று பெயர். 1923இலிருந்து அது ஊராரின் சொத்து. இன்று ஐந்து இலட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். இலாபப் பங்கு யாருக்கும் கிடையாது. மைதானத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊரை விட்டு அந்த அணியை எவராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் விற்பதற்கு ஒரு தனி ஆள் இல்லை.

மடுல்சீமையிலிருந்து ஒருவர் இப்போது பல்லேகலைக்குக் கிரிக்கெட் பார்க்கப் போக நினைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்ட வேலைக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. மாட்ச் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். இரவு ஆட்டம் முடிந்தால் திரும்ப பஸ் கிடையாது, ஆகவே மறுநாள் பேரும் போகும். நம் மலைப்பாதையில் இரவில் அவசரமாக வேன் பிடித்து வரச் சொல்ல எனக்கு மனம் வராது. 2021 மார்ச்சில் பசறை-லுணுகலை வீதியில் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அதே ஆள் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பதுளையில் ஆட்டம் என்றால், காலையில் சாமான் வாங்கப் போனவர் ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய முன் வீடு வந்து சேரலாம். அணியைத் தாங்குவது என்பது இவ்வளவு சின்ன விஷயங்களில் இருக்கிறது. பஸ் நேரத்தில் இருக்கிறது.

இப்போது ஒருவர் எழுந்து கேட்கலாம். போன மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டும் விட்டார். "வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் நெலம் கேட்டு வாயி வலிக்குது சேர், நீங்க கிரவுண்டு கேக்குறீங்களா?" நியாயமான கேள்வி. காணியும் வீடும் முதலில். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் போய்த் தங்கியது பாடசாலைகளில். மலைநாட்டில் சமதரை என்பது உயிர் காக்கிற இடமும்கூட. மழை பெய்தால் ஓடி ஒதுங்க, கூட்டம் கூட, கல்யாணப் பந்தல் போட, சாவுக்கு உட்கார, பந்து ஆட, எல்லாவற்றுக்கும் ஒரே தரைதான். வீட்டுத் திட்டம் வரையும்போதே அதன் நடுவில் இந்தத் தரையையும் வரைந்துவிடச் சொல்வோம். வீடுகள் எல்லாம் எழும்பிய பிறகு கேட்டால் எங்கே வெட்டுவது?

ஆகவே அந்தப் பையனுக்கு என் பதில் இது. தாங்கும், தம்பி. ஆனால் மேலேயிருந்து வருகிற அணியைத் தாங்காது. தோட்டத்துக்குத் தோட்டம் கரப்பந்தாட்டக் களம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை என்று பிரதேசத்துக்கு ஒரு முழு மைதானம். தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒன்றோடொன்று ஆடுகிற மாகாண லீக். அதன் உச்சியில் வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஆடுகிற ஓர் ஊவா அணி. பத்துப் பதினைந்து வருஷ வேலை. அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வரும்போது இன்னும் பெரட்டுக்களத்தில் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். அவன் இந்த அணியில் ஆட மாட்டான். அவன் பிள்ளை ஆடலாம்.

தொடங்கிவிட்டோம் என்பதைச் சொல்லி அமர்கிறேன். போன மாதம் ஆறு பேர் கயிறு பிடித்து ஓர் இடத்தை அளந்தோம். தேயிலை பட்டுப்போய் மானாப்புல் மூடிக் கிடக்கிற துண்டு. களத்துக்கு 18க்கு 9, சுற்றிலும் மூன்று மூன்று மீற்றர் விட்டு 24க்கு 15. மேற்புறம் நான்கு அடி வெட்டிக் கீழ்ப்புறம் நிரப்ப வேண்டும். பள்ளத்துப் பக்கம் கல் அணை ஒன்று கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கரைந்துவிடும். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதி, வாய்மொழியாகச் சம்மதம் பெற்று, கடிதமும் கையில் வந்துவிட்டது. இந்த அறக்கட்டளையின் இவ்வருட வட்டிப் பணத்தில் பாதியைக் கல்லுக்கும் சீமெந்துக்கும் தர நிறுவனர் குடும்பத்தார் இசைந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயிலுக்கு மேலே உள்ள வளைவில் நிற்போம். மண்வெட்டியும் கடப்பாரையும் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். சாப்பாட்டை மேற்கணக்குப் பெண்கள் சங்கத்தார் பார்த்துக்கொள்கிறார்கள்.